பயனர் சமூகம்: ஒருவர்

தனக்குப் புரியாத ஒன்றுக்குக் கை தூக்காத மனிதன் இந்தப் பூமியில் தான் ஒருவன்தான் என்பது வனமாமலையின் உறுதியான நம்பிக்கை. இதை அவன் பெருமைக்காகச் சொல்வதில்லை. ரத்த வகையைச் சொல்வதுபோல, கேட்டால் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். நாங்குநேரியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் "புரிஞ்சவங்கல்லாம் கை தூக்குங்க" என்று சொன்ன நாளிலிருந்து அவனுடைய வலது கை ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் கை வைத்திருப்பதே அடுத்தவன் கையைப் பார்த்துத் தூக்குவதற்குத்தான் என்பது அவன் சொந்தமாகக் கண்டறிந்த உண்மை.

ஒரகடத்தில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் லைன் மீட்டிங் உண்டு. சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தை வாசித்துவிட்டு "ஓகேவா?" என்பார். நாற்பத்தாறு கைகள் மேலே போகும். காகிதத்தில் இருந்தது அன்றைய டார்கெட்டா, தீயணைப்புப் பயிற்சியா, பழைய காகிதமேதானா என்பது வாசித்தவருக்கே உறுதியாகத் தெரியாது. வனமாமலை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பக்கத்தில் நிற்பவனிடம், "என்னத்துக்குலே தூக்குத? நீயும் ரப்பரும் ஒண்ணுதான், இழுத்த பக்கம் போவிய" என்பான். நாளடைவில் பக்கத்தில் நிற்பவர்கள் சற்றுத் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'ஆஜர், கை இல்லை' என்று எழுதினார். மனிதவளப் பிரிவு ஒருநாள் ஆள் அனுப்பி, அவனுக்கு இரண்டு கைகளும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுப் போனது.

சேரப்பணஞ்சேரியில் ஓர் அறையில் அவனுக்குப் பாதிக் கட்டில் இருந்தது. அகலத்தில் பாதி என்று நினைத்துவிடக் கூடாது, நேரத்தில் பாதி. மீதிப் பாதி அருள்பாண்டி என்பவருடையது. அருள்பாண்டிக்கு வேறு தொழிற்சாலை, நேர் எதிர் ஷிஃப்ட். வாரம் மாறும்போது இருவருடைய ஷிஃப்டும் சேர்ந்தே மாறியதால் பதினான்கு மாதங்களில் இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அருள்பாண்டி போர்வையை மூன்றாக மடிப்பவர், இடது காலுறையில் ஓட்டை உள்ளவர், தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர் என்பதெல்லாம் வனமாமலைக்குத் தெரியும். முகம் தெரியாது. வேலை முடிந்து வந்து படுக்கும்போது மெத்தையில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். அந்த வட்டாரத்தில் அவனுக்கு மிக நெருக்கமான உறவு அந்தச் சூடுதான்.

அவன் மனைவி மாரிசெல்வியும் நான்கு வயது மகளும் நாங்குநேரியில் இருந்தார்கள். யாராவது "அப்பா எங்கே" என்று கேட்டால் மகள் போனைத் தேடினாள். இதை மாரிசெல்வி சிரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னாள். இன்னொருமுறை சொன்னபோது சிரிக்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் தொழில்வழித்தடத் தொழிலாளர் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கீட்டு முகமை, தண்டலத்துக்குப் பின்னால் கட்டி முடித்த வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். ஜூன் மாதம் ஒதுக்கீடு. மகளை அங்கேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடலாம். விண்ணப்பம் காகிதத்தில் கூடாது, கணினிக் கோப்பாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று விளம்பரம் சொன்னது.

பென்னலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சுபாஷ் விதிகளைப் படித்துவிட்டு வேலை செய்யும் அபூர்வமான ஆள். அரசு ஓர் ஆணை போட்டிருப்பதை அவன் கண்டுபிடித்தான். அரசுக்கு வரும், அரசிலிருந்து போகும் எல்லா ஆவணங்களும் திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும். அதாவது எந்தத் தனி நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிராமல், இலவச மென்பொருள் வைத்திருக்கும் எவரும் திறந்து படிக்கக் கூடிய வடிவத்தில். அப்படி ஒரு மென்பொருளில்தான் சுபாஷ் விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுத்தான். சட்டப்படி செய்த காரியம் என்பதால் வனமாமலை அன்று நன்றாகத் தூங்கினான்.

மூன்று வாரம் கழித்து முகமையின் ஒரகடம் அலுவலகத்துக்குப் போனான். கவுண்டரில் பூஜா என்ற உள்ளூர்ப் பெண் இருந்தாள். கணினியைப் பார்த்துவிட்டு, "ஃபைலு வந்துகீதுண்ணா. தொறக்கத்தான் மாட்டுது" என்றாள்.

முகமையின் கணினிகள் எல்லாவற்றிலும் டாக்குவெர்சா என்ற நிறுவனத்தின் மென்பொருள் மட்டுமே இருந்தது. அது டாக்குவெர்சா ஆவணங்களை மட்டுமே திறந்தது. மற்றவற்றைக் கண்டால் 'இந்தக் கோப்பு உங்களுக்குப் பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரித்தது. வனமாமலை அவள் தலைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அரசாணையைக் காட்டினான். பூஜா திரும்பி, இரண்டு வருடமாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததை முதல்முறையாகப் படித்தாள். "சூப்பரா எழுதிகீறாங்கண்ணா" என்றாள்.

மறுநாள் சுபாஷ் பென் டிரைவோடு வந்தான். இலவச மென்பொருள், பத்து நிமிட வேலை. பூஜாவும் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். அப்போது அந்த வழியாக வந்த இணை இயக்குநர் ராஜாமணி பத்து நிமிட வேலையைத் தடுத்து நிறுத்தினார். அவர் கோபப்படவில்லை. கோபப்படாமல் தடுப்பதில் அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம் இருந்தது.

"இது நடுநிலையான ஆபீஸ் தம்பி. புதுசா ஒண்ணை நிறுவினா, ஒரு பக்கம் சாயறோம்னு ஆகிடும். ஏற்கெனவே இருக்கறதை அப்படியே வெச்சிருக்கறதுக்குப் பேர் சாயறது இல்ல. அதுக்குப் பேர் நிர்வாகம்."

எது திறந்த வடிவம் என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டிருப்பதாகவும், குழு முடிவு சொல்லும்வரை அந்தக் கோப்பைத் திறக்காமல் வைத்திருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்றும் அவர் விளக்கினார்.

அடுத்த வாரம் தொழிற்சாலை முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. திறந்த ஆவணத் தர மறுஆய்வுக் குழுவில் பயனர் சமூகத்தின் பிரதிநிதி ஒருவர் இடம்பெற வேண்டும் என்று அதே அரசாணையில் இருந்தது. முகமை தன் பதிவுகளை ஆராய்ந்தது. வந்த விண்ணப்பங்கள் பதினோராயிரத்து நானூற்று ஏழு. அவற்றில் அரசு சொன்ன வடிவத்தில் வந்தது ஒன்று. ஆகவே பயனர் சமூகம் கூடி, விவாதித்து, தன் பிரதிநிதியாக வனமாமலையைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக முகமை எடுத்துக்கொண்டது. புதன்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டுமுறை படித்துவிட்டு, மகிழ்ச்சியோடு ஆன் டூட்டி எழுதிக் கொடுத்தார். வாரத்தில் ஒருநாளாவது லைனில் எல்லாக் கைகளும் தூக்கப்படும்.

முதல் கூட்டத்தில் மேசைமேல் அவனுக்கு ஒரு பெயர்ப் பலகை வைத்திருந்தார்கள். 'திரு. சு. வனமாமலை, பயனர் சமூகம்.' அவன் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் அவன் சட்டையில் எண்தான் இருந்தது. அறையில் அதுவும் இல்லை.

நான்கு அதிகாரிகளும், டாக்குவெர்சாவின் அரசு நட்புறவு மேலாளர் கனிஷ்காவும் வந்திருந்தார்கள். கனிஷ்கா குழுவின் உறுப்பினர் இல்லை, சிறப்பு அழைப்பாளர். கூட்ட அழைப்பிதழைத் தட்டச்சு செய்தது, தேநீர் ஏற்பாடு, அஜெண்டா, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, வரப்போகும் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அவருடைய உதவி. அவர் திரையில் ஒரு வட்டப் படம் போட்டார். வட்டம் முழுக்க நீலம். வனமாமலை எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்து, நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் தலைமுடி போன்ற கோடு என்ன என்று கேட்டான்.

"அது நீங்கதான் சார்" என்றார் கனிஷ்கா, அன்போடு.

'திறந்த' என்ற சொல்லுக்கு வரையறை செய்வது அன்றைய வேலை. ராஜாமணி தலைமையுரை ஆற்றினார்.

"திறந்திருக்கறதுன்னா என்ன? இந்த ரூம் கதவு திறந்துதான் இருக்கு. அதுக்காக யார் வேணாலும் உள்ள வந்துட முடியுமா? வாசல்ல செக்யூரிட்டி இருக்கார். எதுக்கு இருக்கார்? கதவு திறந்திருக்கறதைப் பாதுகாக்க. அவர் இல்லேன்னா நாம கதவையே சாத்த வேண்டி வரும். ஆக, சில பேரை வெளிய நிறுத்தினாத்தான் ஒரு கதவைத் திறந்தே வெச்சிருக்க முடியும்."

அதிகாரிகள் குறிப்பெடுத்தார்கள். 'திறக்க உரிமை உள்ளவரால், உரிய நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு, திறக்க முடிகிற ஆவணமே திறந்த ஆவணம்' என்று தீர்மானம் வந்தது. நான்கு கைகள் மேலே போயின. வனமாமலை கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு வெளங்கல சார்" என்றான். கவுண்டர் வேலையோடு குறிப்பெழுதும் வேலையும் பார்த்த பூஜா, ராஜாமணி சொல்லச் சொல்ல, 'பயனர் சமூகம் ஆழ்ந்த ஆலோசனையில் உள்ளது' என்று எழுதினாள். தீர்மானம் முடிந்ததும் ஏ.சி. வெளியே போகிறது என்று ராஜாமணி கதவைச் சாத்தச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் கனிஷ்கா அவனிடம் வந்து, சாப்பிட்டீர்களா, சாம்பார் காரமாக இருந்ததா என்று விசாரித்தார். அந்தக் கேள்வியை மாரிசெல்வியைத் தவிர யாரும் அவனிடம் பதினான்கு மாதமாகக் கேட்டதில்லை. அதுவும் போனில். எதிரே நின்று கேட்டால் அதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

நான்காவது புதன்கிழமை ஒரு குட்டியானை வண்டி வந்து அலுவலக வாசலில் நின்றது. அதில் டாக்குவெர்சா வடிவத்தின் தொழில்நுட்ப விவரணை இருந்தது. ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பக்கம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு படி. மாடிப்படிகளில் அடுக்கியதால் மாடிக்குப் போகும் வழி அடைபட்டது. முதல் மாடியில் இருந்த குறைதீர்ப்புப் பிரிவை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. பத்து நாளில் படித்து முடித்ததாக எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரிகள் நேரத்தை மிச்சப்படுத்த அன்றே போட்டார்கள்.

வனமாமலை மட்டும் படித்தான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஒன்பதாம் தொகுதியை அறைக்கு எடுத்துப் போனான். ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தபோது அட்டையில் தேங்காய் எண்ணெய்க் கறை. அருள்பாண்டி தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறார். உறுப்பினர்களில் எவரும் அந்த நூலை அந்த அளவுக்கு நெருங்கியதில்லை. அதில் மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'இந்த இடத்தில் பழைய பதிப்பு எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளவும்.' பழைய பதிப்பு எப்படி நடந்துகொண்டது என்று அவன் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பக்கத்திலும் தேடினான். காணவில்லை. கூட்டத்தில் கேட்டான்.

"ரொம்ப அருமையான கேள்வி சார். அது எங்க கம்பெனியோட வணிக ரகசியம்" என்றார் கனிஷ்கா.

ராஜாமணி மகிழ்ச்சியடைந்தார். ஒரு ரகசியத்தை அது இருக்கும் பக்க எண்ணோடு வெளிப்படையாக அறிவிக்கும் நிறுவனத்தை அவர் இதுவரை பார்த்ததில்லையாம். கேள்வி வரவேற்கப்பட்டதாகக் குறிப்பில் பதிவானது. பதில் பதிவாகவில்லை, அது ரகசியம்.

அதன் பிறகு குழு வளரத் தொடங்கியது. ஆறாவது புதன்கிழமை பதினோரு பேர் இருந்தார்கள். எட்டாவது புதன்கிழமை முப்பத்தோரு பேர். டாக்குவெர்சாவுக்கு வேன் விடுபவர், பேனர் அடிப்பவர், அவர்கள் விருந்தினர் இல்லத்தில் ஏ.சி. பழுது பார்ப்பவர், அவருடைய மைத்துனர். எல்லாரும் ஆவணத் தர நிர்ணயத்தில் தீவிர ஈடுபாடு கொண்டவர்கள் என்பது அவர்கள் வாசித்த அறிமுகத்தில் இருந்தது. அறிமுகம் எல்லாருக்கும் ஒன்றேதான். கேன்டீன் கான்ட்ராக்டர் சின்னப்பையன் அதை வாசித்தபோது, "பதினைந்து ஆண்டுகளாக நான் திறந்த தரங்களை ஆதரித்து வருகிறேன், இங்கே சற்று நிறுத்திப் புன்னகைக்கவும்" என்று முழுவதும் வாசித்துவிட்டார். பிறகு புன்னகைத்தார். ராஜாமணி கைதட்டினார்.

சின்னப்பையனுக்கு வனமாமலைக்குப் பக்கத்து நாற்காலி. ஐம்பத்தைந்து வயது, பெருத்த உடம்பு, தோள்பட்டை வலி. அடுத்த தீர்மானத்துக்கு அவர் கை தூக்கியபோது வனமாமலை சும்மா இருக்கவில்லை.

"என்னன்னு தெரிஞ்சா தூக்குதிய?"

"தெரிஞ்சுகினு இன்னா பண்ணப் போறோம் தம்பி? மேல போச்சுன்னா அப்பறமா கீழ வரும். கைதானே."

"எங்க லைன்ல நாப்பத்தாறு ரப்பர் இருக்கு. நீங்க நாப்பத்தேழு" என்றான் வனமாமலை.

சின்னப்பையன் கோபித்துக்கொள்ளவில்லை. மதியம் சாப்பிடப் போனபோது, "உனக்குன்னு லெக் பீசு எடுத்து வெச்சிகீறேன், குந்து" என்றார். அதற்கடுத்த வாரங்களில் அவன் வரத் தாமதமானால் பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு வைத்தார். பேனர்காரர் அவனை "கம்யூனிட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார். நாளாக ஆக எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். கூட்டம் முடிந்த பிறகும் வாசலில் பத்து நிமிடம் நின்று பேசினார்கள்: வேன் மைலேஜ், ஸ்ரீபெரும்புதூர் சிக்னல், சின்னப்பையனின் தோள்பட்டை. வனமாமலை வியாழன் முதல் செவ்வாய் வரை சொல்லாமல் வைத்திருந்த பேச்சையெல்லாம் அங்கே பேசினான்.

ஒருநாள் கனிஷ்கா அவனிடம், மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். போன வாரம் போகிற போக்கில் சொன்னது. அவன் நெகிழ்ந்துபோய், விட்டுவிட்டது, இப்போது ஓடி விளையாடுகிறாள் என்றான். அவர் திரும்பியபோது கையில் இருந்த டேப்லெட் தெரிந்தது. அவன் பெயரில் ஒரு பக்கம் திறந்திருந்தது. 'மகள், நான்கு வயது. காய்ச்சல், விசாரிக்கவும். மனைவி தொலைவில். தனிமை, பயன்படும்.' டாக்குவெர்சா ஆவணம். ஒரே தட்டலில் திறந்திருக்கும்.

வனமாமலை தேநீரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் முயன்றும் பார்த்தான். எழுதி வைத்தாவது கேட்கிறார்களே என்ற நினைப்பு அதற்குள் வந்துவிட்டது.

அன்று மாரிசெல்வி போன் செய்தபோது அவன் அரை மணி நேரம் குழுவைப் பற்றியே பேசினான். லெக் பீஸ், பெயர்ப் பலகை, சின்னப்பையன் நாற்காலியில் துண்டு போட்டு வைப்பது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் சரி, வீடு என்னாச்சி? பிள்ளைய இங்கன சேக்கவா அங்கனயான்னு ஸ்கூல்ல கேக்காவ. நான் பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டிட்டேன். அவ தெனமும் அதுமேல ஏறி உக்காந்துகிட்டு, ரயிலு போவுதுங்கா."

இன்னும் இரண்டு புதன்கிழமைதான் என்று அவன் சொன்னான். போனை வைத்த பிறகுதான், நாட்களை இப்போது எதை வைத்து எண்ணுகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கடைசிக் கூட்டத்துக்கு முந்தைய நாள் பூஜா அவனைக் கவுண்டருக்கு வரச் சொன்னாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த அரசாணையின் கடைசிப் பத்தியைக் காட்டினாள். இப்போது அவளுக்கு அது மனப்பாடம். வடிவத்தை மாற்ற வேண்டுமானால் பயனர் சமூகம் முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற முப்பது கைகள் தூக்கினாலும் சமூகம் தூக்காவிட்டால் செல்லாது.

"நாளைக்கு நீ சும்மா குந்திகினு இருந்தாலே போதும்ணா. தீர்மானம் புட்டுக்கும். அன்னிக்கே அந்த சாஃப்ட்வேரப் போட்டு உன் ஃபைலத் தொறந்தே ஆவணும். ஜூன் லிஸ்ட்ல உன் பேர் வந்துரும். கை தூக்கிட்டன்னா உன் ஃபைலு செல்லாது. அடுத்த வருசம் புதுசாதான் போடணும்."

"நான் கை தூக்கவா?" வனமாமலை சிரித்தான். "ஒண்ணாங்கிளாஸ்லயே தூக்கல தாயி."

பூஜா சிரிக்கவில்லை. "அத்தான் சொல்றேன். சும்மா இரு" என்றாள்.

மறுநாள் முப்பத்தோரு பேரும் வந்திருந்தார்கள். சின்னப்பையனின் துண்டு நாற்காலியில் கிடந்தது. ராஜாமணி தீர்மானத்தை வாசித்தார். 'திறந்த வடிவம் அல்லாதவை என்று இதற்கு முன் கருதப்படாதவை தவிர்த்த ஏனையவை திறந்தவை அல்ல என்று கருதப்படுவதற்கில்லை என்பதைக் குழு மறுக்கவில்லை.' இரண்டாம் முறை வாசிக்கும்போது அவருக்கே ஓரிடத்தில் சந்தேகம் வந்து, கனிஷ்காவைப் பார்த்தார். கனிஷ்கா தலையசைத்தார்.

"ஓட்டுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார் ராஜாமணி. "இந்தக் குழு எனக்குக் குடும்பம் மாதிரி. என் சொந்த வீட்டுல என் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்ல. இன்னிக்குத் தீர்மானம் ஏகமனசா நிறைவேறிச்சுன்னா, இதே உறுப்பினர்களோட நிரந்தரக் கண்காணிப்புக் குழுவா மாறிடுவோம். இதே புதன்கிழமை, இதே சாப்பாடு. நிறைவேறலேன்னா குழுவோட வேலை இன்னியோட முடிஞ்சுது. போறப்ப பெயர்ப் பலகையை ஸ்டோர்ல ஒப்படைச்சிட்டுப் போங்க. ஏற்கறவங்க கை தூக்கலாம்."

கைகள் மேலே போயின. மூன்று அதிகாரிகள், வேன்காரர், பேனர்காரர், ஏ.சி.காரர், மைத்துனர். சின்னப்பையன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினார். ராஜாமணி தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பார்த்து வந்தார். முப்பது.

வனமாமலை இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கோத்து வைத்திருந்தான். சும்மா இருப்பது அவனுக்குத் தெரிந்த வேலை. சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் மகளை நினைத்துக்கொண்டான். தண்டலத்து வீட்டின் ஜன்னலை நினைத்துக்கொண்டான். அங்கே புதன்கிழமை எப்படி இருக்கும் என்று நினைக்கப் பார்த்தான், வரவில்லை. அவனுக்குத் தெரிந்த வேறு புதன்கிழமை இல்லை.

ஒருவரும் கையை இறக்கவில்லை. பேனர்காரர் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பக்கத்தில் சின்னப்பையனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் வேர்வை. வலிக்கிறது என்று தெரிந்தது. அவரும் இறக்கவில்லை.

"அவசரமே இல்ல, மிஸ்டர் வனமாமலை" என்றார் ராஜாமணி. "நாங்க எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

அந்த வட்டாரத்துக்கு வந்து இத்தனை மாதங்களில் அவனுக்காக எதுவும் காத்திருந்ததில்லை. கம்பெனி பஸ் ஒரு நிமிடம் நிற்காது. லைன் நிற்காது. கட்டில்கூட அவன் எழுவதற்காக அவசரப்படும். இப்போது முப்பது பேர், கை வலிக்க, அவன் ஒருவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேசையின் ஓரத்தில் பூஜா பென்சிலோடு அவனையே பார்த்தாள். தலையை மிக மெல்ல இல்லை என்று ஆட்டினாள். அவன் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

தீர்மானத்தின் பொருள் அவனுக்கு இன்னும் புரியவில்லை. மேசைக்கு அடியில் கோத்திருந்த கைகள் பிரிந்தன. இடது கை மடியிலேயே கிடந்தது. வலது கை மெதுவாக, ஓசையில்லாமல், மற்ற முப்பது கைகள் இருந்த உயரத்துக்குப் போய் அவற்றோடு சேர்ந்து நின்றது.